நானே எழுதின மாதிரி

கவியரசன் காதிலிருந்து பேனாவை எடுக்கிறார். கூரையைப் பார்க்கிறார். மூடியைத் திறக்காமலேயே காற்றில் இரண்டு சுழி போட்டுவிட்டு, உதட்டைப் பிதுக்கி, பேனாவை மறுபடியும் காதில் செருகிக்கொள்கிறார். எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளர் தும்மலைக்கூட அடக்கிக்கொண்டிருக்கிறார். "வரமாட்டேங்குது சார்," என்கிறார் கவியரசன், பல்வலிக்காரர் மாதிரி கன்னத்தைப் பிடித்தபடி. "நாளைக்கு வந்துரும். இல்லன்னா நாளன்னிக்கு. கவிதய அவசரப்படுத்தக் கூடாது." வாடிக்கையாளர் குற்ற உணர்ச்சியோடு எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போகிறார்.

அவர் தெருமுனை ஸ்பீட் பிரேக்கரைத் தாண்டுவதற்குள் கவிதை வந்துவிடுகிறது. கம்ப்யூட்டரில் பெயர், வேலை, குணம் என்று மூன்று விவரங்களைத் தட்டி ஒரு பொத்தானை அமுக்கினால் இருபது வரிகள் மடமடவென்று இறங்குகின்றன. எதுகை இருக்க வேண்டிய இடத்தில் எதுகை மாதிரி ஏதோ ஒன்று இருக்கும். அர்த்தம் இருக்க வேண்டிய இடத்தில் 'இமயம்' இருக்கும். இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டது என்று வெளியே தெரிந்தால் மரியாதை போய்விடும் என்பது கவியரசன் தாமாகவே கண்டுபிடித்த வியாபார நுட்பம். "ஒடனே குடுத்தா அது இட்லி சார். ரெண்டு நாள் கழிச்சி குடுத்தாத்தான் கவித," என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அவர் வாயிலிருந்து வந்த வரிகளில் யாரும் எழுதிக் கொடுக்காத வரி அது.

பெங்களூர் ஈஜிபுராவில், கீழே கடையும் மேலே பேயிங் கெஸ்ட் விடுதியுமாக நெருக்கியடிக்கும் தெருவில் இருக்கிறது 'கவி கிரியேஷன்ஸ்'. காபிக் கோப்பையில் குழந்தைப் படம் அச்சடிப்பார்கள், கேடயம் செய்வார்கள், பேனர் போடுவார்கள். ஆனால் கடையின் உயிர்நாடி மடல்தான். கல்யாணத்துக்கு வாழ்த்து மடல், ஓய்வு பெறுகிறவருக்குப் பாராட்டு மடல். தங்க நிறச் சட்டம், கண்ணாடி, நடுவில் சம்பந்தப்பட்டவரின் பாஸ்போர்ட் போட்டோவைப் பெரிதாக்கிய முகம், அதைச் சுற்றி அடைமொழிகள். மேடையில் ஒருவர் அதை மைக்கில் வாசிக்க வேண்டும், இமயம் வருகிற இடத்தில் கைதட்ட வேண்டும், சால்வையோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். வாங்கிக்கொண்டு போகிறவர் அதைக் கூடத்தில் மாட்டுவார். அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அது ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போய்விடும்.

சட்டம் போடுவதில் கவியரசனைக் குறை சொல்லவே முடியாது. மூலையில் இம்மி பிசகாது, கண்ணாடியில் ஒரு கைரேகை இருக்காது. ஆனால் அவரைப் பார்த்து "ஃபிரேம் நல்லா இருக்கு" என்று சொல்லிவிடாதீர்கள், முகம் வாடிவிடும். திருப்பத்தூரிலிருந்து பிழைக்க வந்து, ஸ்க்ரீன் பிரிண்டிங், ஸ்டிக்கர் வெட்டுதல், நம்பர் பிளேட் என்று எல்லாம் செய்து பார்த்தவர். அப்பா ஆசையாக வைத்த பெயர் அத்தனை வருடமும் விசிட்டிங் கார்டில் சும்மா கிடந்தது. "பேருக்கேத்த தொழில் இப்பத்தான் சார் கெடச்சிருக்கு," என்கிறார். தொழில் கிடைத்தது இணையத்தில், மாதச் சந்தாவுக்கு.

அவர் வாடிக்கையாளரிடம் மூன்று கேள்விகள்தான் கேட்பார். பேர் என்ன, வேலை என்ன, குணம் எப்படி. மூன்றாவதற்கு அவரே விடையும் வைத்திருக்கிறார்: "அன்பானவரா, கண்டிப்பானவரா, ரெண்டுமா?" பெங்களூரில் இதுவரை ஓய்வுபெற்ற எல்லோரும் ரெண்டும்தான். கன்னடத்தில் கேட்கிறவர்களுக்கு "ஆய்த்து சார், ஆய்த்து" என்று தலையாட்டி, அதே மூன்று கேள்விகளைக் கன்னடத்தில் கேட்டு, அதே இமயத்தைக் கன்னடத்தில் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்.

வாடிக்கையாளர் முன்னால் அந்த இயந்திரத்துக்கு 'மூடு' என்று பெயர். "மூடு வரணும் சார்." ஆள் இல்லாதபோது அது 'தம்பி'. "தம்பி இன்னிக்கி சூப்பரா எழுதிக்கிறான்." தம்பிக்கு அவர் இடும் கட்டளைகளில் தவறாமல் 'ப்ளீஸ்' இருக்கும், வேலை முடிந்ததும் நன்றி சொல்வார். கோப்பையில் படம் அச்சடிக்க வரும் கூலிக்காரருக்கு இந்த மரியாதை எதுவும் கிடைத்து நான் பார்த்ததில்லை.

நான் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று கேட்கலாம். பத்திரிகைக்கு எழுதிப் பிழைப்பவன் நான், எழுத்து வராத நாட்களில் அவர் கடைக்குப் போய்விடுவேன். எழுத்து வராததுபோல் ஒருவர் இவ்வளவு அழகாக நடிப்பதைப் பார்ப்பது எனக்கு ஆறுதலாக இருக்கும்.

நடிப்பில் இன்னொரு பாதி அவர் மனைவி சீதாலட்சுமியுடையது. கவிதை கஷ்டப்பட்டுப் பிறந்தது என்பதற்குச் சாட்சி வேண்டுமல்லவா? தம்பி எழுதியதை சீதாலட்சுமி கோடு போட்ட தாளில் கையால் எழுதுவார். நடுநடுவே சில சொற்களை வேண்டுமென்றே எழுதி அடிப்பார், ஓரத்தில் அம்புக்குறி போடுவார், ஒரு சொட்டு டீயும் சிந்துவார். அதைப் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பியதும் வாடிக்கையாளர் உருகிப்போவார். "எவ்ளோ அடிச்சி அடிச்சி எழுதியிருக்காரு பாருங்க," என்று ஒருவர் தன் மனைவியிடம் காட்டியதை நானே பார்த்திருக்கிறேன்.

இதில் ஒரு நன்மை தற்செயலாக விளைந்திருந்தது. கடையில் கவிதையைப் படிக்கிற ஒரே ஆள் சீதாலட்சுமிதான். கவியரசன் படிப்பதில்லை, அது அவர் கொள்கை. "படிச்சா சந்தேகம் வரும் சார். சந்தேகம் வந்தா தொழில் பண்ண முடியாது." கண்டோன்மென்ட் பக்கம் ஒரு பள்ளியில் கேத்தரின் என்றொரு ஆசிரியை ஓய்வு பெற்றார், கல்யாணமே செய்துகொள்ளாதவர். தம்பி அவரை 'கணவரின் கண்ணுக்குள் வாழும் மணியே' என்று புகழ்ந்திருந்தான். சீதாலட்சுமி கையெழுத்தில் போலியாக அடிக்க வேண்டிய இடத்தில் இதை நிஜமாக அடித்து, 'மாணவியரின்' என்று மாற்றிக் காப்பாற்றினார். கவியரசன் இன்றுவரை அதைத் தம்பியின் திறமைக் கணக்கில்தான் வைத்திருக்கிறார்.

இனி சீதாலட்சுமியின் அப்பா. சாமிநாதன், பீன்யாவில் வால்வு செய்யும் ஒரு தொழிற்சாலையில் கடைசல் வேலை, பல வருடங்களாகத் தொழிற்சங்கச் செயலாளர். சீதாலட்சுமி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அங்கே பெரிய வேலைநிறுத்தம் நடந்து, சாமிநாதனை வேலையை விட்டே தூக்கிவிட்டார்கள். வழக்கு முடிந்து திரும்ப உள்ளே போக ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரைக்கும் சங்கத்துக்காரர்கள் வீடு வீடாகப் பிடி அரிசி சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்ததைத்தான் குடும்பம் சாப்பிட்டது. அந்த வீட்டில் இது ராமாயணம் மாதிரி, தெரியாதவர்கள் கிடையாது. மருமகனுக்கும் நன்றாகவே தெரியும்.

மருமகனை அவருக்குப் பிடிக்காது. காதல் கல்யாணம் ஒரு காரணம், தொழில் இன்னொரு காரணம். பீன்யாவில் ஒரு பர்சனல் மேனேஜர் ஓய்வு பெற்றபோது 'தொழிலாளரின் தாயே' என்று கவி கிரியேஷன்ஸ் மடல் கொடுத்தது எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது. "மொதலாளிக்கு மாலை கட்டித் தர்ற வேல," என்றாராம். அன்றிலிருந்து கவியரசன் அவருக்கு மாப்பிள்ளை இல்லை, 'கடக்காரர்'. தீபாவளிக்குப் போனால், "கடக்காரருக்கு இன்னொரு வடை வையிம்மா," என்பார் மகளிடம்.

அந்தச் சாமிநாதன் இந்த வருடம் ஓய்வு பெற்றார். சங்கத்துக்காரர்கள் பீன்யாவிலேயே ஒரு சின்ன மண்டபத்தில் விழா வைத்தார்கள். சீதாலட்சுமி அப்பாவிடம் போய், என் வீட்டுக்காரர்தான் மடல் எழுதி வாசிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து ஒப்புக்கொள்ள வைத்தார். "வாசிக்கட்டும். பாக்கலாம்," என்றாராம் சாமிநாதன். அந்த மனிதரிடமிருந்து இத்தனை வருடத்தில் கிடைத்த அதிகபட்ச வரவேற்பு அது.

கடைக்குத் திரும்பி வந்து கணவரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். அப்போது நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

"இங்க பாருங்க. ஊருக்கெல்லாம் தம்பி எழுதட்டும். எங்கப்பாவுக்கு மட்டும் நீங்களே எழுதுங்க. நாலு வரி போதும். தப்பா இருந்தாலும் பரவால்ல."

"சீதா, நான் எழுதாம யாரு எழுதுவாங்க?" என்றார் கவியரசன், காயப்பட்ட குரலில்.

"இந்த ஒரு தடவ எங்கப்பா உங்கள மாப்ளன்னு கூப்புடுவாருன்னு எனக்குத் தோணுது. கெடுத்துறாதீங்க."

கவியரசன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். தம் தலையில்தான்.

அதற்குப் பிறகு நடந்தது நான் அந்தக் கடையில் பார்த்த வேடிக்கைகளிலேயே உயர்ந்தது. எழுத்து வராதது மாதிரி அத்தனை நாள் நடித்தவருக்கு நிஜமாகவே எழுத்து வரவில்லை. நிஜமாகவே வராதபோது அந்த நடிப்பெல்லாம் அவருக்கு மறந்துவிட்டது. பேனாவைக் காதிலிருந்து எடுக்கவும் தோன்றாமல், கூரையைப் பார்க்கவும் தோன்றாமல், கம்ப்யூட்டர் திரையில் 'அன்பு மாமாவுக்கு' என்று அடித்துவிட்டுச் சிலையாக உட்கார்ந்திருந்தார். மறுநாளும் அதே இரண்டு சொற்கள். அதற்கு மறுநாள் 'அன்பு'வை எடுத்துவிட்டு 'பாசமிகு' என்று போட்டிருந்தார்.

"இதுக்கு அப்பறம் இன்னா சார் வரும்?" என்று என்னைக் கேட்டார்.

"உங்கள் மாமனார். உங்களுக்குத்தானே தெரியும்."

"எனக்கு இன்னா சார் தெரியும்? அந்த ஆளு என்கிட்ட பேசுனாத்தான?" என்று எரிந்து விழுந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க எழுதுறவருதான... ஸ்வல்பம் ஹெல்ப் பண்ணலாம்ல?" என்றார்.

நான் பண்ணவில்லை. தொழில் தர்மம் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கும் அந்த வாரம் எதுவும் வரவில்லை.

விழாவுக்கு முந்தின நாள் சீதாலட்சுமி பீன்யாவுக்கு அப்பா வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் காலை நான் கடைக்குப் போனபோது சட்டம் பழுப்புத் தாளில் சுற்றி, சணல் கட்டி, தயாராக இருந்தது. "வந்துச்சு சார்," என்றார் கவியரசன், என் முகத்தைப் பார்க்காமல். "காலைல திடீர்னு வந்துச்சு." பிறந்த குழந்தை மாதிரி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வீடியோ எடுக்க நான் வேண்டும் என்று என்னையும் கிளப்பினார். பஸ் பிடித்து, மெட்ரோவுக்குப் போனோம். சோதனை செய்கிற காவலர் பொட்டலத்தைத் தட்டிப் பார்த்து, "ஏனிது?" என்றார். "கவிதெ சார். நானே பர்திது," என்றார் கவியரசன் கம்பீரமாக. நானே எழுதியது என்று. காவலருக்கு அதில் அக்கறை இல்லை, உள்ளே விட்டுவிட்டார்.

மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், வாசலில் சாம்பார் மணம், மேடையில் ரோஜா மாலைக்குள் சாமிநாதன். குள்ளமான, இறுக்கமான மனிதர். சட்டைப் பையில் ஒரு பால்பாயிண்ட் பேனா. முதல் வரிசை முழுக்கச் சங்கத்தின் பழைய ஆட்கள், நரைத்த தலைகள், முறுக்கிய மீசைகள். பிடி அரிசி கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான். இரண்டாம் வரிசையில் சீதாலட்சுமி பட்டுப்புடவையில், முழங்கைகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பரீட்சை எழுதப்போகிறது அவர்தான் என்று தோன்றியது.

மைக்கில் பெயர் சொன்னதும் கவியரசன் மேடையேறினார். தாளைப் பிரித்தார், கண்ணாடி மின்னியது, கூட்டம் 'ஆஹா' என்றது. காதில் தங்கமூடிப் பேனா. சட்டத்தைக் கையில் ஏந்தி வாசிக்க ஆரம்பித்தார்.

"பீன்யாவின் பெருஞ்சுடரே, உழைப்பின் இமயமே."

கைதட்டல். எனக்கு அந்த இமயம் நன்றாகத் தெரிந்த மலை. சீதாலட்சுமிக்கும் தெரிந்திருக்க வேண்டும், முழங்கையைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின.

"கடிகாரமே உன்னைப் பார்த்து நேரம் திருத்திக்கொள்ளும்." மறுபடி கைதட்டல். கவியரசன் சூடு பிடித்துக் குரலை ஏற்றினார். அந்த வரிகளை அவரும் இப்போதுதான் முதல் தடவையாகப் படிக்கிறார் என்பது அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் விளங்கியது.

"வேலைநிறுத்தம் என்ற சொல்லை வாழ்நாளில் அறியாத தூய கரங்களே."

சாம்பார் வாளி வைக்கிற சத்தம் சமையற்கட்டிலிருந்து தெளிவாகக் கேட்டது. வண்டியை நிறுத்தத் தெரியாதவர் மாதிரி கவியரசன் அடுத்த வரியிலும் ஏறிவிட்டார். "நிர்வாகத்தின் நிழலாய் நின்ற விசுவாசமே," என்று முடித்தபிறகுதான் தாம் என்ன வாசித்தோம் என்பது காதுவழியாக அவருக்கு உறைத்தது.

முதல் வரிசையில் ஒரு மீசைக்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். சாமிநாதன் கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார். பிறகு கழுத்து மாலையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். முதலாளிக்கு மாலை கட்டுகிறவர் என்று தாம் சொன்னதற்கு, ஊர் நடுவில் மேடையேறிப் பதில் சொல்லிவிட்டான் மருமகன் என்று அவர் நினைத்திருப்பார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். சீதாலட்சுமி தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது, போனைக் கூரைக்குத் திருப்பிவிட்டேன்.

இந்த இடத்தில் கவியரசனுக்கு இரண்டு வழிகள் இருந்தன. மாமனாரை வேண்டுமென்றே அவமானப்படுத்திய கவிஞராக இறங்கிப் போகலாம். இல்லை, கவிஞரே இல்லை என்று ஒப்புக்கொள்ளலாம். ஈஜிபுராவில் அவருக்கு இருந்த பேர், விசிட்டிங் கார்டு, காதுப் பேனா எல்லாம் முதல் வழியில் பத்திரமாக இருக்கும்.

"மாமா," என்றார் மைக்கில். "இத நான் எழுதல."

"தெரியிது," என்றார் சாமிநாதன். "வேற யாரு எழுதுனது?"

"தம்பி."

"எந்தத் தம்பி? உனக்குத் தம்பியே இல்லியே."

"கம்ப்யூட்டர் மாமா. அதுகிட்ட உங்க பேரு, பீன்யா, கம்பெனி வேல, நல்ல மனுசன்னு மட்டும்தான் சொன்னேன். நானே எழுதின மாதிரி எழுதுன்னு கேட்டேன். ப்ளீஸ்னும் போட்டேன்." மைக் திறந்தே இருந்ததால் இந்த வாக்குமூலம் சமையற்கட்டு வரைக்கும் போய்ச் சேர்ந்தது. "சீதாவுக்கு நானே எழுதறேன்னு சத்தியம் பண்ணேன். ஒரு வாரம் உக்காந்தேன் மாமா. ஒண்ணும் வரல."

மண்டபத்தில் யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். சாமிநாதன் சிரிக்கவில்லை.

"ஏன் வரல?"

"உங்களப்பத்தி எனக்கு நேர்ல தெரிஞ்சது ஒண்ணுதான். அத எப்புடி கவிதயா எழுதுறது?"

"இன்னா தெரியும்? சொல்லு."

கவியரசன் சட்டத்தை இடுப்பில் முட்டுக் கொடுத்துக்கொண்டார். "பொண்ணு கேக்க வந்தேன் மாமா, ஒங்க வீட்டுக்கு. தரமாட்டேன் போன்னு சொல்லிட்டீங்க. வெளிய வந்தா என் ஸ்கூட்டரு ஸ்டார்ட் ஆவல. நானும் ஒதச்சினே இருக்கேன். தெருவே வேடிக்க பாக்குது. நீங்க உள்ளருந்து ஸ்பேனர் எடுத்தாந்து, குந்தினு, ப்ளக்க கழட்டி ஒங்க லுங்கியிலயே தொடச்சி மாட்டுனீங்க. ஒரு வார்த்த பேசல. வண்டி கெளம்புற வரைக்கும் நின்னுனு இருந்தீங்க. அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்."

"நீ சீக்கிரம் போய்த் தொலையணும்னுதான் சரி பண்ணிக் குடுத்தேன்," என்றார் சாமிநாதன்.

முதல் வரிசைதான் முதலில் சிரித்தது. சற்று முன் கோபமாக எழுந்த மீசைக்காரர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். வேலை நிறுத்தத்தில் பூட்டிய கேட்டுக்கு முன்னால், சூப்பர்வைசரின் வண்டி நின்றுபோனபோதும் சாமிநாதன் இப்படித்தான் ப்ளக்கைக் கழற்றிச் சரிசெய்து அனுப்பினார் என்று அவர் பக்கத்து நாற்காலிக்குச் சத்தமாகச் சொன்னார். சீதாலட்சுமி தலையை நிமிர்த்தினார், ஆனால் சிரிக்கவில்லை. அவர் கணவரைப் பார்த்த பார்வையில் அன்று வீட்டில் நடக்கப்போவதன் சுருக்கம் இருந்தது.

சாமிநாதன் சட்டத்தை மருமகனிடமிருந்து வாங்கி, மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். பின்பக்கம் வெறும் அட்டை, பழுப்பு நிறம். "அந்த ஸ்கூட்டர் கதைய இதுல எழுது," என்றார்.

கவியரசன் காதிலிருந்து தங்கமூடிப் பேனாவை எடுத்தார். இத்தனை நாள் பழக்கத்தில் நான் அதன் மூடி திறந்து பார்த்தது அன்றுதான். அட்டையில் இழுத்தார், எழுதவில்லை. உதறினார், உள்ளங்கையில் கிறுக்கினார், நாக்கில் தொட்டுக்கூடப் பார்த்தார். அதில் மையே இருந்ததில்லை. சாமிநாதன் தம் சட்டைப் பையிலிருந்து பால்பாயிண்ட் பேனாவை எடுத்து நீட்டினார்.

"இந்தா மாப்ள."

மைக்கை விட்டுத் தள்ளி, மெதுவாகத்தான் சொன்னார். சீதாலட்சுமிக்கு அது கேட்டிருக்க வாய்ப்பில்லை என்று நினைத்தேன். கேட்டுவிட்டது. எழுந்து மேடைக்கு வந்துவிட்டார்.

கூட்டம் சாப்பாட்டுக்குக் கலைந்துகொண்டிருந்தது. கவியரசன் அட்டைமேல் குனிந்து முதல் வரியை எழுதினார்: 'பீன்யாவின் பெருஞ்சுடரே'. மனிதர் அவ்வளவு லேசில் திருந்திவிட மாட்டார். சீதாலட்சுமி பேனாவைப் பிடுங்கி அந்த வரியை அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கவியரசன் 'அன்பு மாமாவுக்கு' என்று எழுதினார். அன்பையும் சீதாலட்சுமி அடித்தார். பிறகு கவியரசன் ஸ்கூட்டரிலிருந்து ஆரம்பித்து, லுங்கி வரைக்கும் நிறுத்தாமல் எழுதினார். எழுத்துக்கள் மேலும் கீழுமாக ஓடின. எந்த இடத்திலும் இமயம் இல்லை. பந்தியிலிருந்து யாரோ கொண்டுவந்து வைத்த டீ ஒரு சொட்டு சிந்தியது, அது வேண்டுமென்றே சிந்தியது இல்லை.

சாயங்காலம் சாமிநாதன் வீட்டுக்குப் போனோம். கூடத்தில் சங்கத்து ஆட்கள் வரிசையாக நிற்கும் ஒரு பழைய குரூப் போட்டோ இருந்தது. அதற்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னார். எந்தப் பக்கம் வெளியே தெரிய வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. சிக்கல் வேறு: மாட்டுகிற வளையம் அட்டைப் பக்கம் இருந்தது, அதைத் திருப்பி மாட்ட முடியாது. சாமிநாதன் ஸ்பேனர் பெட்டியை எடுத்துவரக் கிளம்பினார். கவியரசன் தடுத்துவிட்டு, தம் பையிலிருந்து திருப்புளியை எடுத்துத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பின்பக்கத்து வளையத்தைக் கழற்றி, முன்பக்கம் தங்கச் சட்டத்தின் மேல்கட்டை நடுவில் துளை போட்டு, ஆடாமல் முடுக்கினார். சாமிநாதனின் பால்பாயிண்ட் பேனா அவர் காதில் இருந்தது, அதை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

எழுந்து நின்று ஆணியைத் தொட்டுப் பார்த்தார். மாட்டப்போனவர் நின்று, சட்டத்தைத் தம் பக்கம் திருப்பி, சட்டை நுனியால் கண்ணாடியை மூலை மூலையாகத் துடைத்தார். வாயால் ஆவி ஊதி, ஒரு கைரேகையைத் தேடிப்பிடித்து அதையும் துடைத்தார். அதன் பிறகுதான் அந்தப் பளபளப்பான பக்கத்தைச் சுவரோடு சேர்த்து மாட்டினார்.